1974 ஸ்ட்ராட்டோகாஸ்டர்: தேய்ந்த கிட்டாரை வாங்குவதா, விடுவதா?

கேட்ட விலை இரண்டேகால் லட்சம். பொருள், அமெரிக்கக் கம்பெனி ஃபெண்டர் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், என்ற மின்சாரக் கிட்டார். சன்பர்ஸ்ட் நிறம் (நடுவில் வெளிறி, ஓரத்தில் கருக்கும் பூச்சு), ரோஸ்வுட் விரல்பலகை, விற்பவர் கணக்குப்படி 1972இல் செய்தது. வாங்க ஆசைப்பட்டவன் என் அக்கா மகன். மெல்லிசைக் குழு ஒன்றில் லீட் கிட்டார் வாசிக்கிறான், முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. விற்பவர் சாந்தோமில் இருக்கும் பெரியவர். ஹோட்டல் பேண்டுகளில் ஆரம்பித்து, பிறகு ரெக்கார்டிங்குகளில் வாசித்து ஓய்வுபெற்றவர். கை நடுக்கம் வந்துவிட்டதால் விற்கிறார். கிட்டார் செட்டப், ரிப்பேர் வேலை பார்ப்பவன் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

இந்த ஒரு கிட்டாரை எப்படிப் பார்த்தோம், எதை வைத்து விலை சொன்னோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். "விண்டேஜ் ஒண்ணு வருது, எடுக்கலாமா?" என்று கேட்டு வருபவர்கள் அனுப்பும் போட்டோக்களில் பத்துக்கு எட்டு, பெயிண்ட் உரிந்த இடத்தின் குளோசப்பாகத்தான் இருக்கும். விலையைப் பேச அது உதவும். வாங்கலாமா என்று முடிவெடுக்க, பெயிண்டைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. ஆனால் இந்தக் கேஸில் பெயிண்ட்தான் முதல் சாட்சி சொன்னது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உரிந்த பெயிண்ட் சொன்ன சேதி

மின்சாரக் கிட்டார் தேய்வதில் இரண்டு விதம் உண்டு. 1960களின் பெரும்பகுதி வரை ஃபெண்டர் மேல்பூச்சுக்கு நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் பயன்படுத்தியது. மெல்லிய பூச்சு அது. முழங்கை உரசும் இடத்தில் முதலில் பளபளப்பு போகும், அப்புறம் நிறம் போகும், கடைசியில் மரம் தெரியும். எல்லை எதுவென்று சொல்ல முடியாதபடி இழைந்து இழைந்து மறையும். அயர்லாந்துக் கலைஞர் ரோரி கல்லகரின் 1961 ஸ்ட்ராட் இதற்குப் பேர்போன உதாரணம். 1963இல் கார்க் நகரக் கடையில் செகண்ட் ஹேண்டாக சுமார் 100 பவுண்டுக்கு வாங்கியது. அவர் கையில் சன்பர்ஸ்ட் கிட்டத்தட்ட முழுவதும் போய் வெறும் மரமாகிவிட்டது. 2024 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் கட்டணங்களோடு 8,89,400 பவுண்டுக்குப் போனது.

1968 வாக்கில் ஃபெண்டர் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1965 ஜனவரியில், நிறுவனர் லியோ ஃபெண்டர் கம்பெனியை 1.3 கோடி டாலருக்கு ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸிடம் விற்றுவிட்டிருந்தார். உற்பத்தியின் வேகம் கூடியது, பூச்சும் தடிமனானது. இந்தத் தடித்த பூச்சு எளிதில் தேயாது. அடிபட்டால் உடையும். பழைய சுவரில் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்து விழுவது போல, கூரான விளிம்போடு பெயர்ந்து வரும். உடைந்த ஓரத்தை நகத்தால் தடவினால் படி போலத் தட்டுப்படும்.

ஆகவே 1970களின் ஸ்ட்ராட் என்று சொல்லி, முழங்கை இடத்தில் அழகாக இழைந்து தேய்ந்த ஒன்றை யாராவது காட்டினால் நான் உஷாராகிவிடுவேன். பிற்பாடு யாரோ நைட்ரோ அடித்திருக்கலாம், அல்லது வேண்டுமென்றே தேய்த்திருக்கலாம். புதுக் கிட்டாரைப் பழையதுபோல் தேய்த்து விற்பதை ஃபெண்டரே 1995இல் 'ரெலிக்' என்ற பெயரில் ஆரம்பித்துவிட்டது. அந்தக் கைவேலை இன்று ஊருக்கு ஊர் தெரியும்.

பெரியவரின் கிட்டார் இந்தப் பரீட்சையில் நன்றாகவே தேறியது. முழங்கை இடத்தில் கீறல்கள் உண்டு, நிறம் அப்படியே இருந்தது. கீழ் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து, அதன் ஓரம் கூராக நின்றது. பின்பக்கம் பெல்ட் பக்கிள் போட்ட குழிகள். தலைப்பகுதியின் முகம் தேன் நிறத்தில் மஞ்சளித்திருந்தது, நெக்கின் (கிட்டாரின் கழுத்துப் பகுதி) பின்புறமோ வெளிறியே இருந்தது. இதுவும் அந்தக் காலத்துக்குச் சரி. நெக்குக்கு பாலியெஸ்டர் அடித்தபோதும் தலையின் முகத்துக்கு மட்டும் லாக்கரைத் தொடர்ந்தார்கள். லாக்கர் மஞ்சளிக்கும், பாலியெஸ்டர் அவ்வளவாக மஞ்சளிக்காது. ஒரே நெக்கில் இரண்டு நிறம் இருப்பதைப் பார்த்து 'நெக் மாத்தியிருக்காங்க' என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. இங்கே அதுவே ஒரிஜினலுக்கு அடையாளம்.

ஆறாம் தந்தி சுற்றும் கீ பக்கத்தில் ஒரு சிகரெட் சுட்ட தடம் வேறு. மருமகனுக்கு அதுதான் ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு அதில் பைசா மதிப்பில்லை.

1972ஆ, 1974ஆ?

பெரியவர் பொய் சொல்லவில்லை. கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தபோது '72 மாடல்' என்று சொல்லிக் கொடுத்தாராம், அதையே இவரும் சொல்லிவருகிறார். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த அந்தக் காலத்தில் நல்ல வெளிநாட்டுக் கிட்டார் மெட்ராசுக்கு வந்ததே இப்படி யாராவது பெட்டியில் எடுத்து வந்தால்தான். பில், கேரண்டி அட்டை எதுவும் இருக்காது. கதை மட்டும் இருக்கும். கதையைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அதற்காகத் தனியாகக் காசு கொடுக்கக்கூடாது.

பின்பக்க உலோகத் தகட்டில் 5இல் தொடங்கும் ஆறு இலக்க எண். மூன்று போல்ட். நெக்கை மூன்று போல்ட்டில் பூட்டும் முறை ஸ்ட்ராட்டில் 1971இல் வந்தது. தகட்டு எண் 1976 வரை இருந்து, பிறகு தலைப்பகுதிக்கு இடம் மாறியது. ஆக 1971க்கும் 1976க்கும் நடுவில் என்பது மட்டும் உறுதி. 5இல் தொடங்குவதால் 1974ஐ ஒட்டியிருக்கலாம். ஆனால் தகட்டு எண்ணை நம்பி வருடம் சொல்வது சரியல்ல. தொழிற்சாலையில் தகடுகளை வரிசைப்படி எடுத்துப் பூட்டவில்லை. மூன்று ஸ்குரூவைக் கழற்றினால் எவரும் மாற்றிவிடக் கூடியதும் அதுதான்.

உள்ளே பார்க்க வேண்டும் என்றேன். பெரியவர் முகம் சுருங்கியது.

"பிக்கார்டைத் திறந்து பார்த்துக்கோ தம்பி. நெக்கை மட்டும் கழட்டாத. இத்தனை வருஷத்துல கழட்டினதே இல்ல."

சரி என்று முதலில், பாடியின் முகத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டை மட்டும் திறந்தேன். மூன்று அடுக்கு வெள்ளை பிக்கார்டு, 1975 வாக்கில் கறுப்பாக மாறுவதற்கு முந்தியது. வால்யூம், டோன் கன்ட்ரோல்களின் முதுகில் பொறித்த எண்ணைத் துணியால் துடைத்துப் பார்த்தால் 13774 என்று ஆரம்பித்தது. 137 என்பது சிடிஎஸ் கம்பெனியின் குறியீடு. அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு வாரம். 1974இல் செய்த உதிரிப்பாகம் 1972 கிட்டாரில் பிறவியிலேயே இருக்க வழியில்லை. பாகம் சில மாதம் கிடங்கில் கிடந்திருக்கலாம் என்பதால் கிட்டார் அதற்குப் பிந்தியதாக இருக்கலாம், முந்தியதாக இருக்க முடியாது. மூன்றில் இரண்டு கன்ட்ரோல்களில்தான் இந்த எண். மூன்றாவது ரிச்சி தெருவில் வாங்கிப் போட்ட ஏதோ ஒன்று, சால்டரும் புதுசாகப் பளபளத்தது.

தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பாகமான பிக்கப்பின் காந்தங்கள் ஏற்ற இறக்கமாக நின்றன. 1974 முடிவை ஒட்டித்தான் இவை எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தன. எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் ஐந்து நிலை கொண்டது. தொழிற்சாலையிலிருந்து ஐந்து நிலை ஸ்விட்ச் 1977இல்தான் வந்தது, எனவே இது பிறகு மாற்றியது. வாசிப்பவனுக்கு அது லாபம், சேகரிப்பாளனுக்கு நஷ்டம்.

பெரியவரிடம் நான் கண்டதை அப்படியே சொன்னேன். 1974 ஒன்றும் 1972ஐ விட மட்டம் என்று அர்த்தமில்லை, ஆனால் சந்தையில் விலை வேறு. அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ஆளு என்கிட்டயே ரெண்டு வருஷம் அடிச்சிருக்கான் பாரு" என்றார். அதன்பின் நெக்கைக் கழற்ற அவரே சம்மதித்தார்.

நெக் வெளியே வந்ததும் பள்ளத்தில் ஒரு காகிதத் துண்டு. இரண்டாக மடித்த பழைய பல்லவன் பஸ் டிக்கெட், நடுவில் ஸ்குரூ போன ஓட்டை. நெக்கின் சாய்வைக் கூட்ட யாரோ முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாடலில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாய்வை ஆலன் கீயால் வெளியிலிருந்தே மாற்ற ஃபெண்டர் தனியாக ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. மூன்று போல்ட்டுக்குக் காரணமே அதுதான்.

"கழட்டினதே இல்லைன்னீங்களே சார்?"

"நான்தான் வெச்சிருப்பேன்," என்று சிரித்துவிட்டார்.

நெக்கின் அடிக்கட்டையில் வாரமும் வருடமும் அடங்கிய எண் முத்திரை தெளிவாக இருந்தது. அதுவும் 1974. நெக்கும் உள்பாகங்களும் ஒரே காலத்தவை. பாடியின் ஸ்குரூத் துளைகளும் நெக்கின் துளைகளும் நேருக்கு நேர் பொருந்தின, பழைய துளையை அடைத்துப் புதிதாகப் போட்ட அடையாளம் எதுவும் இல்லை. ஆக, இரண்டு மூன்று கிட்டார்களிலிருந்து சேர்த்துக் கட்டியதல்ல. இது ஒரே கிட்டார்தான்.

நெக்: முடிவு இங்கேதான்

வாங்குவதா விடுவதா என்பதை என்னைப் பொறுத்தவரை நெக்தான் தீர்மானிக்கும். பிக்கப்பை மாற்றலாம், பிரிட்ஜை மாற்றலாம். நெக் கெட்டால் அதை மாற்றிய மறுகணம் அது 1974 கிட்டார் இல்லை.

ஸ்ட்ரிங் மாட்டி, ட்யூன் செய்து, விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் முதலாவதிலும் கடைசியிலும் ஆறாம் தந்தியை அழுத்திப் பிடித்தால், ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கத்தில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் என்றால் எனக்குத் திருப்தி. இதில் ஃபீலர் கேஜ் 0.6 காட்டியது. நெக் முன்பக்கமாக வில்லாக வளைந்திருக்கிறது. ஆக்‌ஷன் (தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி) உயரம், மேல் ஃப்ரெட்டுகளில் வாசிக்கக் கை வலிக்கும்.

இதைச் சரிசெய்யத்தான் நெக்கின் உள்ளே ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி இருக்கிறது. 1971க்குப் பிந்தைய ஸ்ட்ராட்டில் அதன் நட்டு தலைப்பகுதியில் துப்பாக்கித் தோட்டா வடிவில் நீட்டிக்கொண்டிருக்கும். கேள்வி, அந்த நட்டில் இன்னும் இறுக்கம் மிச்சம் இருக்கிறதா என்பது. பழைய கிட்டார்களில் யாராவது வருடக்கணக்கில் இறுக்கிக்கொண்டே வந்து கடைசி மரை வரை போயிருப்பார்கள். அதற்கு மேல் திருகினால் ராட் அறும், அல்லது நட்டின் உள்பக்கம் மழுங்கும். முதல் தடவை பார்க்கும் நெக்கில் எடுத்தவுடன் இறுக்கவே கூடாது. முதலில் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். தளர்ந்தால் மரை துருப்பிடித்துச் சிக்கவில்லை என்று தெரியும், அதன்பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவந்து அங்கிருந்து மேலே போகலாம்.

கடலோர வீடு என்பதால் எனக்குப் பயம் இருந்தது. சாந்தோம் காற்றில் இரும்பு எதுவும் நிம்மதியாக இருக்காது. நட்டு முதலில் அசையவில்லை, பிறகு 'டக்' என்று விட்டது. அந்தச் சத்தத்தில் அறையிலிருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ராட் அறுந்தால் நட்டு வெறுமனே சுற்றும், இது சுற்றவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தளர்த்தி, திரும்பவும் இறுக்கினேன். பழைய இடத்தைத் தாண்டிக் கால் சுற்று, பிறகு இன்னொரு கால் சுற்று. இடைவெளி 0.4க்கு இறங்கியது. ராட் உயிரோடிருக்கிறது, நெக்கும் சொன்னபடி கேட்கிறது.

மீதி வளைவுக்குக் காரணம் ஸ்ட்ரிங். பெரியவர் 11 செட் (முதல் தந்தியின் தடிமன் 0.011 அங்குலம்) போட்டு வாசித்தவர். ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் 11 செட்டின் மொத்த இழுவை சுமார் 53 கிலோ, 10 செட்டுக்கு சுமார் 46. மருமகன் வாசிப்பது 10. அந்த ஏழு கிலோ குறைந்தாலே நெக் இன்னும் கொஞ்சம் நிமிரும். புது ஸ்ட்ரிங்கைப் போட்டு, கிட்டாரை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் வந்து பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மரம் தன் இடத்துக்கு வர ஒரு ராத்திரியாவது வேண்டும். மறுநாள் 0.3. எனக்கு அது போதும்.

விரல்பலகை பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கம்பெனிகள் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது 1960களில். இந்திய ரோஸ்வுட் என்றால் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான். கலிபோர்னியாவுக்குப் போய் கிட்டாராகித் திரும்பி வந்திருக்கிறது. சிலர் இந்த வயதுக் கிட்டார் எல்லாவற்றையும் 'பிரேசிலியன்' என்று சொல்லி விலை ஏற்றுவார்கள், காது கொடுக்க வேண்டாம். ஒரு விதத்தில் இந்திய ரோஸ்வுட்டாக இருப்பது நிம்மதியும்கூட. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அதை எல்லை தாண்டிக் கொண்டுபோவது பெரும்பாடு. மற்ற ரோஸ்வுட்டில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர், மலேசியா என்று கச்சேரிக்குப் போகும் பையனுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஃப்ரெட்டுகள் போன கேஸ். முதல் நான்கில் இரண்டாம், மூன்றாம் தந்திக்குக் கீழே வெட்டுப் போல பள்ளம், லெவல் செய்து மீட்க உயரம் மிச்சமில்லை. 21 ஃப்ரெட்டும் மாற்ற வேண்டும். பலகையின் வளைவு 7.25 அங்குல ஆரம் என்பதால், தாழ்ந்த ஆக்‌ஷனில் மேல் ஃப்ரெட்டில் பெரிதாக பெண்ட் செய்தால் (தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து சுருதி ஏற்றினால்) ஒலி பாதியில் அடைத்துக்கொள்ளும். ஃப்ரெட் மாற்றும்போது மேல்பகுதியில் அதைக் கொஞ்சம் தணிக்கலாம். ஆனால் ரோஸ்வுட்டைச் சீவும் அளவுக்குப் போக மாட்டேன் என்று மருமகனிடம் முன்னமே சொல்லிவிட்டேன்.

மூன்று போல்ட்டுக்கு இருக்கும் கெட்ட பெயரையும் சோதித்தோம். நெக்கைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளி, முதல் தந்தி பலகையின் விளிம்பை நோக்கி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றுவதற்கு முன் நகர்ந்தது. பஸ் டிக்கெட்டை எடுத்துவிட்டு, போல்ட்டை முறையாக இறுக்கிய பிறகு நகரவில்லை. 1970களின் நெக் பள்ளங்கள் பல கிட்டார்களில் லொடலொடவென்று இருக்கும். இதில் ஒரு பக்கம் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. பெரிய குறையில்லை, அந்தக் காலத்து வேலைத்தரம் அவ்வளவுதான்.

மற்றவை

நடு பிக்கப்பில் சத்தமே இல்லை. பெரியவருக்கே அது தெரியாது. அவர் வாசித்ததெல்லாம் நெக் பிக்கப்பில்தான். மல்டிமீட்டரை வைத்தால் மற்ற இரண்டும் 5.7, 5.9 கிலோ ஓம் காட்டின, நடுவில் இருப்பது எதுவும் காட்டவில்லை. எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. சுற்றியிருக்கும் செம்புக் கம்பி தலைமுடி அளவு. காந்தத்தில் துரு ஏறினால் அதை ஒட்டிய சுற்றுகளை அரித்துவிடும், கடலோரத்தில் இது சகஜம். முழுக்கத் திரும்பச் சுற்ற வேண்டியிருக்கும் என்று வைத்தே செலவைக் கணக்கிட்டேன்.

பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடில்கள் துருவேறி, உயர ஸ்குரூக்கள் இரண்டு உறைந்துபோயிருந்தன. சுருதியை ஆட்டப் பயன்படும் ட்ரெமலோ கம்பி உள்ளேயே முறிந்து, மிச்சத் துண்டு பிளாக்கில் மாட்டியிருந்தது. மருமகன் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதால் இதற்காக விலை குறைக்கச் சொல்லவில்லை. தலையிலிருக்கும் ட்யூனர்கள் ஆறும் ஒரிஜினல், நன்றாகவே திரும்பின.

எடையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லக்கேஜ் தராசில் மாட்டினால் 4.4 கிலோ. 1970களின் நடுப்பகுதி ஸ்ட்ராட்டுகள் பலவும் இப்படித்தான், கனமான ஆஷ் மரம். மூன்றரை கிலோ ஸ்ட்ராட்டை மாட்டிப் பழகியவனுக்கு இந்த ஒரு கிலோ முதல் பத்து நிமிடத்தில் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் தோள்பட்டையில் தெரியும். ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாசிக்கிறவனாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். நீ நின்று வாசிக்கிறவன் என்று அவனிடம் சொன்னேன். மாட்டிக்கொண்டு பெரியவர் வீட்டு ஹாலில் உலாத்திக்கொண்டே வாசித்தவன், "பரவாயில்ல மாமா" என்றான். ஆசைப்பட்டவன் வேறென்ன சொல்வான்?

ஒலி? நன்றாக இருந்தது. ஆம்பில் மாட்டாமலே ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசித்துப் பார்த்தேன், எங்கும் சட்டென்று செத்துப்போகும் ஸ்வரம் இல்லை. ஆம்பில் மாட்டியபோது நெக் பிக்கப் மணி மாதிரி. ஆனால் 'பழசு, அதனால் ஒலி நல்லா இருக்கு' என்பதை நான் ஏற்பதில்லை. இந்தக் காலகட்டத்து ஃபெண்டரில் நல்லதும் உண்டு, தூக்கிப் போட வேண்டியதும் உண்டு. மெக்சிகோவின் என்செனாடா தொழிற்சாலையில் இன்று வரும் ஸ்ட்ராட், வேலைத்தரத்தில் இதைவிடத் துல்லியம். அந்தப் பணத்துக்கு அதையும் ஒரு நல்ல ஆம்பையும் சேர்த்தே வாங்கலாம் என்பதை மருமகனுக்கு எடுத்துச் சொன்னேன். அவனுக்கு இதுதான் வேண்டும். அதுவும் ஒரு நியாயமான காரணம்தான், விலை சரியாக இருந்தால்.

விலை

இரண்டேகால் லட்சம் என்ற கணக்கு பெரியவரின் மகன் போட்டது. வெளிநாட்டு விற்பனைத் தளங்களில் இதே வருட கிட்டார்களுக்குப் போட்டிருந்த டாலர் விலையை ரூபாயாக்கியிருக்கிறார். அதில் இரண்டு சிக்கல். போட்டிருக்கும் விலை வேறு, விற்றுக் கைமாறிய விலை வேறு. மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் கிட்டாரின் விலைதான் முதலில் கண்ணில் படும். அப்புறம், அவர் பார்த்தவை பெரும்பாலும் ஸ்விட்ச் முதல் ஃப்ரெட் வரை ஒரிஜினலாக இருப்பவை. இதில் ஸ்விட்ச் போச்சு, ஒரு கன்ட்ரோல் போச்சு, ஃப்ரெட் மாற்றியாக வேண்டும், ஒரு பிக்கப் செத்திருக்கிறது.

இன்னொரு பக்கம், இவருக்குச் சாதகமான கணக்கும் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. பெயிண்ட் ஒரிஜினல். திரும்பப் பெயிண்ட் அடித்திருந்தால் மதிப்பு பாதியாகிவிடும் என்பது இந்த வியாபாரத்தில் வழக்கமான கணக்கு. நெக்கும் பாடியும் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருப்பவை. கிட்டார் சென்னையிலேயே இருக்கிறது, கப்பல் கூலி, கஸ்டம்ஸ், வழியில் உடையுமோ என்ற பயம் எதுவும் இல்லை. கையில் எடுத்து, கழற்றி, ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்க விட்டார். ஆன்லைனில் வாங்கினால் இதில் எதுவும் கிடைக்காது.

ஃப்ரெட் மாற்ற, பிக்கப் சுற்ற, சேடில், தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட், செட்டப் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் என்று வைத்தேன். கூலியை நானே எடுத்துக்கொள்ளாவிட்டாலும் கணக்கில் முழுசாகத்தான் போட வேண்டும், இல்லையென்றால் உண்மையான விலை தெரியாது. அதுபோக, சென்னையில் இப்படிப்பட்ட கிட்டாரைத் திரும்ப விற்பது சுலபமில்லை. கேட்பவர்கள் நிறைய, பணம் எடுத்துவைப்பவர்கள் விரல்விட்டு எண்ணலாம். அவசரத்துக்கு விற்றால் கை கடிக்கும். எனவே முதலீடு என்ற பேச்சையே எடுத்துவிட்டு, வாசிக்கிறவன் கருவியாக மட்டும் பார்த்து, 1,40,000 வரை போகலாம் என்று மருமகனிடம் தனியாகச் சொன்னேன். ட்ரஸ் ராட் அசைந்து கொடுக்காமல் இருந்திருந்தால் 80,000க்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்றிருப்பேன்.

பேச்சு பெரியவரோடு சுலபமாக இருந்தது, மகனோடு இல்லை. நான் எழுதிவைத்த பட்டியலை அவரிடமே கொடுத்தேன். எது ஒரிஜினல், எது மாற்றியது, எதற்கு எவ்வளவு செலவு என்று. நம்மிடம் விற்காவிட்டாலும் அது அவருக்கு உதவும். மகன் 1,90,000க்கு இறங்கி அங்கேயே நின்றார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். மருமகன் வழியெல்லாம் பேசவில்லை.

சில வாரம் கழித்துப் பெரியவரே போன் செய்தார். பட்டியலோடு வேறு இரண்டு பேரிடம் காட்டியிருக்கிறார்கள், ஒருவர் ஒரு லட்சம் என்றாராம். 1,45,000க்கு முடிந்தது. ஐயாயிரம் கூடுதல்தான். பெரியவர், "தம்பி வாசிக்கிற பையன், அவன்கிட்டயே போகட்டும்" என்று சொன்னபின் அதற்கு மேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

வாங்கியபின்

வெள்ளைத் தாளில் விற்பனைக் கடிதம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தகட்டு எண், நெக் முத்திரை, கன்ட்ரோல் எண்கள் எல்லாம் அதில் உண்டு, போட்டோக்களும் இணைத்தாகிவிட்டது. திருட்டுப் போனாலும், பின்னால் விற்றாலும், இதுதான் ஆவணம்.

நடு பிக்கப் எதிர்பார்த்ததைவிட நல்லபடி முடிந்தது. துரு உள்ளே போகவில்லை. வெளிமுனை, சால்டர் வைக்கும் கண்ணருகே அறுந்திருந்தது. சில சுற்றைப் பிரித்தெடுத்துத் திரும்ப வைத்ததும் 5.6 காட்டியது. சுருள் ஒரிஜினலாகவே மிஞ்சியது, பிக்கப் சுற்ற ஒதுக்கிய பணமும் மிஞ்சியது. ஃப்ரெட் மாற்றியாயிற்று. உறைந்த ஸ்குரூக்களில் ஒன்று வந்தது, இன்னொன்று வரவில்லை. அந்த ஒரு சேடிலை மாற்றிவிட்டு, பழையதைக் கழற்றிய ஃப்ரெட்டுகளோடு ஜிப் கவரில் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். பல்லவன் டிக்கெட்டும் அதே கவரில்தான்.

தோள்பட்டை விஷயத்தில் நான் பயந்தபடியேதான் ஆனது. அகலமான பெல்ட் வாங்கினான், கொஞ்ச நாள் சமாளித்தான். இப்போது நான்கு மணி நேரக் கச்சேரி என்றால் முதல் பாதிக்கு இதை மாட்டுகிறான், இடைவேளைக்குப் பிறகு பழைய இலேசான கிட்டாருக்கு மாறிவிடுகிறான்.